லினக்ஸ் என்ற பெயர் பூட்டாகுமா?

"லினக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள், வைரஸும் வராது, எவரும் வேவு பார்க்கவும் முடியாது." இந்த அறிவுரையை வாசகர்களில் பலர் ஒருமுறையேனும் கேட்டிருப்பீர்கள். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் முடிவடைந்தன. அதற்கடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி பழைய கணிப்பொறிகள் பலவற்றிற்கு இல்லை. பழைய பொறியைக் கழித்துப் போடுவதா, புதிது வாங்குவதா, அல்லது காசின்றிக் கிடைக்கும் லினக்ஸிற்கு மாறுவதா என்னும் கேள்வி பல வீடுகளில் எழுந்துள்ளது.

இக்கேள்வி பெரிய நிறுவனங்களை விடச் சிறிய கடைகளையே மிகுதியும் உறுத்துகிறது. கீழ்க்கட்டளையை எடுத்துக்கொள்வோம். மேடவாக்கம் சாலையைப் பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலை வெட்டிச் செல்லும் சந்திப்பைச் சுற்றி நடந்து பாருங்கள். ஜெராக்ஸ் கடை, டியூஷன் மையம், வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவரின் சிறிய அறை என எத்தனையோ தொழில்கள் பழைய கணிப்பொறி ஒன்றை நம்பி நடக்கின்றன. அவற்றினுள்ளே இருப்பவை கடைக்காரரின் கணக்குகள் மட்டுமல்ல. ஊரார் நகலெடுக்கக் கொடுத்த ஆதார் அட்டை, பட்டா, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. மென்பொருளைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வரும் நட்டம் தேர்ந்தெடுத்தவரோடு நின்றுவிடாது. அவரை நம்பித் தாளை நீட்டியவரையும் சேரும். ஆகவே அந்த அறிவுரையைச் சற்று உரைத்துப் பார்ப்பது நலம்.

இரண்டு கேள்விகள்

அறிவுரையில் இரண்டு வாக்குறுதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வைரஸ் வராது என்பது பாதுகாப்பைப் பற்றியது. வேவு பார்க்க முடியாது என்பது அந்தரங்கத்தைப் பற்றியது. "சிறந்த லினக்ஸ் மென்பொருள்கள்" என்று பட்டியல் போடுவோர் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றனர். இதுவே அப்பட்டியல்களின் முதற் குறை.

ஓர் அடுக்ககத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் காவலர், கேமரா, இரும்புக் கதவு எல்லாம் உண்டு. திருடன் நுழைவது கடினம். ஆயினும் யார் வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று காவலர் ஒரு நோட்டில் எழுதி, மாதந்தோறும் கட்டடக்காரருக்கு அனுப்புகிறார். அங்கே பாதுகாப்பு உண்டு, அந்தரங்கம் இல்லை. அடுத்த தெருவில் ஒரு தனி வீடு. எவரும் எதையும் குறித்து வைப்பதில்லை. ஆனால் பின்கதவின் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருக்கிறது. அங்கே அந்தரங்கம் உண்டு, பாதுகாப்பு இல்லை.

உலாவிகளில் இவ்வேறுபாட்டை நன்றாகக் காணலாம். கூகிளின் குரோம் உலாவி வெவ்வேறு வலைத்தளங்களைத் தனித்தனிச் செயல்களாகப் பிரித்து ஓட்டுகிறது; ஓட்டை தெரிந்தால் விரைந்து அடைக்கிறது. பொறியியல் நோக்கில் அது கெட்டியான கதவு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அதைச் செய்யும் நிறுவனத்தின் முதன்மை வருவாய் விளம்பரம். மறுபக்கம் லிப்ரவுல்ஃப் என்றோர் உலாவி இருக்கிறது. பயர்பாக்ஸின் மூல நிரலை எடுத்து, பயன்பாட்டுத் தகவலை நிறுவனத்திற்கு அனுப்பும் பகுதிகளை வெட்டி நீக்கித் தன்னார்வலர்கள் அதனை வெளியிடுகின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் மொசில்லா ஓர் ஓட்டையை அடைத்து அறிவித்தவுடன், எந்த இடத்தில் ஓட்டை இருந்தது என்பது உலகுக்கே தெரிந்துவிடுகிறது. அத்திருத்தம் வழிவந்த உலாவிக்கு வந்து சேரும் வரையுள்ள இடைவெளியில், அதைப் பயன்படுத்துவோர் கதவைத் திறந்து வைத்திருப்பவர்களே. இந்த இடைவெளி ஒரு நாளா ஒரு வாரமா என்பதை விளம்பர வாசகங்களில் நீங்கள் காணமாட்டீர்கள்.

2025 ஜூலையில் நடந்ததைக் கேளுங்கள். ஆர்ச் லினக்ஸ் பயனர்கள் தமக்குள் தொகுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பொதுக் களஞ்சியத்தில், பயர்பாக்ஸ், லிப்ரவுல்ஃப், சென் ஆகிய உலாவிகளின் "திருத்திய" வடிவங்கள் எனச் சொல்லிக்கொண்டு மூன்று தொகுப்புகள் ஏற்றப்பட்டன. அவற்றை நிறுவியவரின் கணிப்பொறியைத் தொலைவிலிருந்தே ஆட்டுவிக்கும் தீய நிரல் உள்ளே இருந்தது. இரண்டு நாளில் கண்டுபிடித்து நீக்கிவிட்டனர். ஆனால் தூண்டில் யாருக்குப் போடப்பட்டது என்பதைக் கவனியுங்கள். வழக்கமான உலாவி போதாது, இன்னும் நல்லதாக ஒன்று வேண்டும் என்று தேடியவர்களுக்கே போடப்பட்டது.

அறுபதுகளின் பூட்டு

லினக்ஸில் வைரஸ் வராது என்ற நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இல்லாமலில்லை. லினக்ஸ் 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய பணி. ஆயினும் அதன் உடலமைப்பு, 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸினுடையது. அக்காலத்தில் கணிப்பொறி ஒன்று. அதனைப் பயன்படுத்துவோர் பலர். ஒருவர் கோப்பை மற்றொருவர் தொடக்கூடாது. எவரும் பொறியின் அடித்தளத்தைக் குலைக்கக்கூடாது. இதற்கேற்பவே உரிமைகள் வகுக்கப்பட்டன. இன்றும் சாதாரணப் பயனராக நீங்கள் ஓட்டும் நிரல், இயங்குதளத்தின் உறுப்புகளை மாற்ற இயலாது. நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும்.

ஆனால் கீழ்க்கட்டளைக் கடையில் நிலைமை நேர்மாறானது. பொறி ஒன்று, பயனர் ஒருவர், நிரல்கள் பல. இயங்குதளம் குலைந்தால் என்ன? ஒரு பென்டிரைவைச் செருகி அரைமணி நேரத்தில் மீண்டும் நிறுவிவிடலாம். மதிப்புள்ளவையெல்லாம் பயனரின் இல்லக் கோப்புறையில்தான் இருக்கின்றன. அந்தக் கோப்புறையோ, அவர் பெயரில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் திறந்தே கிடக்கிறது! ஒரு சிறு விளையாட்டை நிறுவினால், அது விரும்பினால் ஆதார் நகல்களைப் படிக்கலாம். உலாவியின் சேமிப்புகளைப் புரட்டலாம். எந்தக் கடவுச்சொல்லும் கேட்கப்படமாட்டாது. பயனரிடமிருந்து பயனரைக் காக்க அமைந்த பூட்டு, பயனரை அவருடைய சொந்த நிரலிடமிருந்து காப்பதில்லை. கைப்பேசியில் ஒரு செயலி உங்கள் படங்களைத் தொடுமுன் அனுமதி கேட்கிறதன்றோ? மேசைக் கணிப்பொறி லினக்ஸில் அந்த வழக்கம் பிந்தியே வந்தது. இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது.

திரையைப் பற்றியும் இதையே சொல்லலாம். லினக்ஸில் சாளரங்களைக் காட்டும் பொறுப்பை நெடுங்காலம் வகித்தது 1987இல் வந்த எக்ஸ் 11 என்னும் ஏற்பாடு. அதில் ஒரு சாளரத்தில் நீங்கள் அடிக்கும் எழுத்துகளை மற்றொரு நிரல் ஒட்டுக்கேட்க இயலும். அதற்கு மாற்றாக 2008இல் தொடங்கிய வேலண்டு இவ்வழியை அடைத்துவிட்டது. ஃபெடோரா 2016இலும், டெபியன் தன் நோம் திரைமுகத்தில் 2019இலும் வேலண்டை முதல் தேர்வாக்கின. புதியவர்களுக்கு மிக எளியது என்று எல்லோரும் பரிந்துரைக்கும் லினக்ஸ் மின்ட், 2024 ஜனவரியில்தான் சோதனை வடிவில் அதனைச் சேர்த்தது. மின்ட் இனிமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் "எளிது, ஆகவே பாதுகாப்பானது" என்று அதனைப் புகழ்வோர் இச்செய்தியையும் சேர்த்துச் சொல்லுதல் முறை.

நிரலைத் தனி அறையில் அடைத்து ஓட்டும் ஃபிளாட்பேக், ஸ்னாப் என்னும் முறைகள் இக்குறையைத் தீர்க்க வந்தவை. தீர்த்தனவா? ஃபிளாட்பேக்கில் ஒவ்வொரு நிரலும் தனக்கு என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறது. அவற்றில் பல, இல்லக் கோப்புறை முழுவதையும் கேட்கின்றன. அறைக்கு நான்கு சுவர் எழுப்பிவிட்டுக் கதவு வைக்காமல் விட்டதற்கு இஃது ஒப்பாகும். எனினும் முயற்சி வீணன்று. ஃபிளாட்சீல் என்ற சிறு கருவியைக் கொண்டு ஒவ்வொரு நிரலுக்கும் உள்ள உரிமைகளைப் பார்க்கலாம், வேண்டாதவற்றைப் பறிக்கலாம். பாட்டுக் கேட்கும் நிரலுக்கு இணையம் எதற்கு, பட்டா இருக்கும் கோப்புறை எதற்கு?

எத்தனை கைகள்?

திறந்த மூல நிரலை ஆயிரம் கண்கள் பார்க்கின்றன, ஆகவே பிழை ஒளிய முடியாது என்பர். அழகான வாதம். ஆனால் நிர்வாகி உரிமையை வழங்கும் "சுடோ" என்ற அடிப்படை நிரலில் 2011இல் நுழைந்த பிழை 2021 வரை ஏறத்தாழப் பத்தாண்டு அப்படியே இருந்தது. சாதாரணப் பயனர் எவரும் அதைக்கொண்டு முழு நிர்வாகியாகிவிடலாம். டெபியனில் 2006இல் ஒரு பராமரிப்பாளர் நல்லெண்ணத்தோடு இரண்டொரு வரிகளை நீக்கினார். மறைகுறிச் சாவிகளை உண்டாக்கும் பகுதி அது. அதனால், எண்ணிலடங்காத வகைகளில் அமைய வேண்டிய சாவிகள், ஒவ்வோர் அளவிலும் 32,768 வகைகளுக்குள் சுருங்கிப்போயின. கள்ளன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாலே திறந்துவிடக்கூடிய எண்ணிக்கை! 2008 மே மாதத்தில்தான் அது வெளியாயிற்று. கண்கள் இருந்தன, பார்க்கும் வேலையை யாரும் யாருக்கும் ஒதுக்கவில்லை.

2024 மார்ச் 29ஆம் நாள் வெளியான செய்தி இன்னும் கடுமையானது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறு கருவி ஏறத்தாழ எல்லா லினக்ஸ் தளங்களிலும் இருக்கிறது. அதனைப் பேணி வந்தவர் களைத்துப்போன ஒரு தன்னார்வலர். உதவி செய்கிறேன் என்று வந்த ஒருவர் இரண்டாண்டுகளுக்கு மேல் நல்ல பிள்ளையாகப் பணி செய்து, பொறுப்பைப் பெற்று, பிறகு 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ள வாயிலை வைத்துவிட்டார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் நிரலை அது குறி வைத்தது. இதனைப் பிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர். பிடித்த விதம் வியப்பானது: உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி அளவு தாமதமாவதைக் கண்டு, ஏன் என்று தோண்டினார். அரை விநாடி!

இந்நிகழ்ச்சியில் நாம் கற்க ஒரு செய்தி உண்டு. கள்ள வாயில், டெபியனின் நிலையான பதிப்பைச் சென்று சேரவில்லை. சோதனைப் பதிப்புகளோடு நின்றுவிட்டது. புதியனவற்றை உடனுக்குடன் அள்ளித் தரும் தளங்களே நவீனமானவை என்று கருதுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். பழையதைப் பேணி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் விரைவாகச் சேர்க்கும் தளம் மந்தமாகத் தோன்றலாம். ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அம்மந்தமே வேண்டும் என்பது என் துணிபு. டெபியனில் 2013 முதல் நடந்துவரும் மற்றொரு முயற்சியையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே மூல நிரலை வெவ்வேறு பொறிகளில் வெவ்வேறு ஆட்கள் தொகுத்தாலும், இறுதியில் கிடைக்கும் நிரல் ஓர் எழுத்தும் மாறாமல் ஒன்றாயிருக்குமாறு செய்வதே அது. ஒரே நகையை இரண்டு தட்டார்கள் தனித்தனியே உரைத்து ஒரே மாற்றுச் சொன்னால் நம்புகிறோமல்லவா? நடுவில் எவரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது சான்று.

ஆகவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது, அது எழுதியவர் கையை விட்டு என் பொறிக்கு வருமுன் எத்தனை கைகள் மாறுகிறது என்பதே. தளத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தால் கைகள் குறைவு. அங்கிருந்து வரும் தொகுப்புகள் மின் கையொப்பத்தின் வழியே சரிபார்க்கப்படுகின்றன. எவரும் ஏற்றலாம் என்றிருக்கும் கடைகளில் எச்சரிக்கை வேண்டும். 2024 பிப்ரவரியில் உபுண்டுவின் ஸ்னாப் கடையில் எக்ஸோடஸ் என்ற பெயரில் வைத்திருந்த போலிப் பணப்பையை நம்பி ஒருவர் 9 பிட்காயினை இழந்தார். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4,90,000 டாலர். அதன் பிறகே புதிய பெயர்களை ஆள் பார்த்து ஒப்புதல் தரும் முறையை அங்கே கொண்டுவந்தனர். இணையத்தில் கண்ட ஒரு வரியை அப்படியே எடுத்து, நிர்வாகி உரிமையோடு ஒட்டி ஓட்டும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் தருவதற்கு அது நிகர்.

இயங்குதளத்தையே இறக்கிக்கொள்ளும்போதும் இதே கேள்விதான். 2016 பிப்ரவரி 20ஆம் நாள் லினக்ஸ் மின்ட்டின் வலைத்தளத்தில் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பைத் தாங்கள் கெடுத்த பிரதிக்குத் திருப்பிவிட்டனர். அன்று இறக்கியவர்களில், கையொப்பத்தைச் சரிபார்த்தவர் தப்பினார். சரிபார்க்கும் முறையை அந்தந்தத் தளமே விளக்குகிறது. பத்து நிமிட வேலை. புதிதாய் நிறுவுவோர் அதனைத் தவிர்க்கலாகாது.

நம் ஊர்த் தளம்

கீழ்க்கட்டளையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே இந்திய லினக்ஸ் வரலாற்றின் ஓர் அத்தியாயம் நடந்தது என்பது பலருக்கும் தெரியாது. கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005இல் தொடங்கப்பட்டபோது, அதனை நடத்தியவை இரண்டு நிறுவனங்கள்: சி-டாக்கின் சென்னை மையம், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம். அம்முயற்சியின் விளைவாக 2007இல் பாஸ் எனப்படும் பாரத் இயங்குதளம் வெளிவந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏற்பச் செய்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு இதுவும் இடம்பெற்றது.

தமிழ்த் திரை, தமிழ் எழுத்து வசதி ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே தந்த வகையில் பாஸ் பாராட்டுக்குரியது. ஆயினும் திறனாய்வாளன் கேட்க வேண்டிய கேள்வி வேறு. டெபியன் தன் ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் எண்ணிட்டு, நாளிட்டு அறிவிக்கிறது. அதிலிருந்து வழிவந்த எந்தத் தளமும், அதே திருத்தம் தன் பயனரை எத்தனை நாளில் அடைகிறது என்பதை அதே தெளிவோடு காட்ட வேண்டும். லிப்ரவுல்ஃபிற்குச் சொன்ன இடைவெளி இங்கும் பொருந்தும். உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமை அந்த நாட்கணக்கிற்கு ஈடாகாது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்னும் தளத்திற்குத் தன் கணிப்பொறிகளை மாற்றத் தொடங்கியதாக நாளிதழ்கள் எழுதின. அதோடு சக்கரவியூகம் என்ற பெயரில் தனிக் காவல் மென்பொருளும் சேர்க்கப்பட்டது. லினக்ஸ் என்ற பெயர் மட்டும் போதும் என்று அவர்களும் கருதவில்லை என்பது தெளிவு.

அந்த மடிக்கணினிகளைப் பற்றி மற்றொன்று. இரண்டு தளங்கள் அருகருகே உள்ள பொறியில், வட்டு மறையாக்கம் செய்யப்படாவிட்டால், லினக்ஸைத் திறந்து விண்டோஸ் பகுதியின் கோப்புகளை எந்தக் கடவுச்சொல்லும் இன்றிப் படிக்கலாம். பழைய மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போது இதை நினைவிற் கொள்க. லினக்ஸை நிறுவும்போதே "வட்டை மறையாக்கு" என்றொரு தேர்வு வரும். அதைத் தேர்ந்தெடுத்தால், பொறி களவுபோனாலும் உள்ளிருப்பவை களவுபோகா. நிறுவிய பின் சேர்ப்பது தலைவலி. அப்போதே செய்துவிட வேண்டும்.

விசைப்பலகையின் காது

ஆங்கிலத்தில் எழுதப்படும் பட்டியல்களில் பெரும்பாலும் இடம்பெறாத, ஆனால் நமக்கு மிக இன்றியமையாத ஒரு மென்பொருள் தமிழ் எழுதும் கருவி. நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகத்தான் செல்கிறது. ஆகவே உங்கள் பொறியில் அதைவிட நெருக்கமான ஒட்டுக்கேட்பான் வேறில்லை.

இதில் மூன்று படிகள் உள்ளன. முதற்படி, இயங்குதளத்திலேயே உள்ள விசைப்பட்டியல். இந்த விசைக்கு இந்த எழுத்து என்ற வெறும் அட்டவணை அது. கூடுதலாக எந்த நிரலும் ஓடுவதில்லை. ஆனால் 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 முறையின் சிறப்பான வசதி, "க" விசையை இருமுறை தட்டினால் தானாகவே புள்ளி விழுந்து "க்க" ஆவது. வெறும் அட்டவணையால் இதனைச் செய்ய இயலாது. முன் அடித்த எழுத்தை நினைவில் வைக்க ஒரு நிரல் வேண்டும். அதுவே இரண்டாம் படி. ஐபஸ் என்ற கருவியும் எம்17என் என்ற அட்டவணைத் தொகுப்பும் சேர்ந்து தமிழ் 99, தட்டச்சு, ஒலிபெயர்ப்பு ஆகிய முறைகளைத் தருகின்றன. நிரல் ஓடுகிறது, ஆனால் உங்கள் பொறிக்குள்ளேயே ஓடுகிறது. மூலமும் திறந்தது, தளத்தின் களஞ்சியத்திலேயே கிடைக்கிறது.

மூன்றாம் படியில்தான் இடர். "அம்மா" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக்கிக் காட்டும் வலைப்பக்கங்கள் பல, அடித்ததைத் தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு அனுப்பியே சொல்லைப் பெறுகின்றன. கதை எழுதப் பயன்படுத்தினால் கேடில்லை. ஒரு குடும்ப வழக்கின் மனுவையோ மருத்துவருக்கான கடிதத்தையோ அதில் அடித்தால்? இது வெறும் கற்பனை அச்சமன்று. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், சீன மொழிக்கான இத்தகைய எழுது கருவிகளை ஆராய்ந்து 2024 ஏப்ரலில் முடிவுகளை வெளியிட்டது. ஒன்பது நிறுவனங்களில் எட்டினுடைய கருவிகள், அடித்த எழுத்துகளை வழியிலேயே பிறர் படிக்கத்தக்க குறைகளோடு இருந்தன. தமிழில் அப்படியோர் ஆய்வு யாரேனும் செய்தால் நன்று. அதுவரை இரண்டாம் படியோடு நிற்பதே அறிவுடைமை. தமிழ் 99ஐக் கற்கச் சில வாரங்கள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

சில தீர்ப்புகள்

எஞ்சியவற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

உலாவிக்கு நான் டெபியன் களஞ்சியத்திலுள்ள பயர்பாக்ஸையே பரிந்துரைப்பேன். அதன் நிறுவனம் குற்றமற்றதா என்றால் இல்லை. 2024 ஜூலையில் வந்த 128ஆம் பதிப்பில், விளம்பரம் பயன் தந்ததா என்று அளக்கும் வசதியைப் பயனரைக் கேளாமலே முடுக்கி வைத்தனர், கண்டனம் எழுந்தது. ஆனால் அதனை அமைப்புப் பக்கத்தில் அணைக்க முடிந்தது. அந்தரங்கத்தையே தன் அடையாளமாக விளம்பரப்படுத்தும் பிரேவ் உலாவியும் 2020இல், பயனர் அடித்த முகவரியோடு தனக்குத் தரகு தரும் குறியைத் தானே சேர்த்து மாட்டிக்கொண்டது. உபுண்டுவோ 2012 அக்டோபரில் வந்த 12.10 பதிப்பில், பயனர் தம் பொறிக்குள் தேடிய சொற்களை அமேசான் பொருள்களைக் காட்டுவதற்காக வெளியே அனுப்பியது. 2016இல்தான் அது இயல்பாக அணைந்த நிலைக்கு வந்தது. எவர் மடியிலும் சற்றுக் கனம் உண்டு. அமைப்புப் பக்கத்தை ஒருமுறை முழுதும் படித்துவிடுங்கள்.

கடவுச்சொல் காப்பிற்கு கீபாஸ்எக்ஸ்சி. கடவுச்சொற்கள் யாவும் உங்கள் பொறியிலேயே ஒரு மறையாக்கக் கோப்பில் இருக்கும். தொலைவிடத்தில் வைத்துத் தருவதாகச் சொன்ன லாஸ்ட்பாஸ் நிறுவனத்திடமிருந்து 2022இல் வாடிக்கையாளர் பெட்டகங்களின் பிரதிகளே களவுபோயின. இதைப் பற்றி 2024 மே மாதத்தில் டெபியனில் ஒரு சுவையான வழக்கு நடந்தது. கீபாஸ்எக்ஸ்சியின் டெபியன் பராமரிப்பாளர், இணையத்தோடும் உலாவியோடும் பேசும் பகுதிகளை நீக்கிச் சுருக்கப் பதிப்பை முன்வைத்தார்; குறைந்த நிரல், குறைந்த ஓட்டை என்பது அவர் வாதம். எழுதியவர்களோ கொதித்தெழுந்தனர். என் தீர்ப்பு எழுதியவர்கள் பக்கமே. உலாவியோடு இணைந்த கருவி, உண்மையான வங்கி முகவரியில் மட்டுமே கடவுச்சொல்லை நிரப்பும். போலித் தளத்தில் சும்மா இருந்துவிடும். மனிதக் கண்ணை ஏமாற்றுவது எளிது. முகவரியை எழுத்தெழுத்தாய் ஒப்பிடும் நிரலை ஏமாற்றுவது அரிது. ஆகவே முழுப் பதிப்பைக் கேட்டு நிறுவுங்கள்.

அலுவலகப் பணிக்கு லிப்ரே ஆபீஸ். பழைய பெயரில் பற்றுக்கொண்டு ஓபன் ஆபீஸை இறக்குவோர் இன்னும் உண்டு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் ஓபன் ஆபீஸின் 4.1.15 பதிப்பு 2023 டிசம்பரில் வந்த பின், அடுத்தது வர ஏறத்தாழ ஈராண்டு ஆயிற்று. நாடி இவ்வளவு மெதுவாக அடிக்கும் மென்பொருளை முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்புகளைத் திறக்கப் பயன்படுத்தலாகாது.

செய்திகளுக்கு சிக்னல் நல்லதே. வழியில் எவரும் படிக்க முடியாது. ஆனால் அதன் மேசைப் பதிப்பு 2024 வரை, சேமித்த செய்திகளைத் திறக்கும் சாவியை அதே கோப்புறையில் வெற்றெழுத்தாகவே வைத்திருந்தது. பல முறை சுட்டிக்காட்டியும் திருந்தாமல், அவ்வாண்டு ஜூலையில் எழுந்த கூச்சலுக்குப் பின்பே திருத்தினர். வழியில் இரும்புப் பெட்டி, வீட்டில் திறந்த கூடை! முன்னர்ச் சொன்ன இல்லக் கோப்புறைக் குறையோடு இதனைச் சேர்த்துப் பாருங்கள். ஆபத்தின் அளவு புரியும்.

கடைக்காரருக்கு

கீழ்க்கட்டளைக் கடைக்காரர் என்ன செய்வது? டெபியனின் நிலையான பதிப்பு. 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்பு போதும். நிறுவும்போதே வட்டு மறையாக்கம். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே இறங்குமாறு அமைத்தல். பிறகு யூனிக்ஸின் அந்தப் பழைய பூட்டையே நமக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ளலாம். பொறியில் இரண்டு பயனர்களை உருவாக்குங்கள். ஒருவர் பெயரில் வரவு செலவு, வங்கி, வரிக்கணக்கு. மற்றவர் பெயரில் வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவ், அச்சிட வேண்டிய கோப்பு, வாட்ஸ்அப் வலைப்பக்கம். ஒருவர் கோப்பை மற்றவர் படிக்க முடியாதவாறு இல்லக் கோப்புறைகளின் உரிமைகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பென்டிரைவில் ஏதேனும் வந்தாலும் அது முதலாமவர் அறைக்குள் நுழைய, 1969இலிருந்து திருத்தப்பட்டு வரும் சுவர் ஒன்றைத் தாண்ட வேண்டியிருக்கும். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம், செலவும் இல்லை.

இரண்டாம் பயனரின் பதிவிறக்கக் கோப்புறையை ஒவ்வோர் இரவும் கடையை அடைக்குமுன் காலி செய்யுங்கள். குப்பைத் தொட்டியையும் சேர்த்தே. நேற்று பட்டா நகலெடுத்தவரின் தாள் இன்று காலை அங்கே இருக்க வேண்டிய தேவையில்லை.